சுட்ட செங்கல்லும் வேதுப் பானையும்

மார்கழிப் பனியில் எனக்குச் சளி பிடித்துவிட்டால், கடத்தூரில் எங்கள் ஆயா மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பமாட்டார். வேலியோரத்து நொச்சியில் இரண்டு கொத்து ஒடித்து வரச் சொல்வார். வாயகன்ற மண்பானையில் நீரும் நொச்சித் தழையும் சிறிது மஞ்சளும் இட்டு அடுப்பில் ஏற்றுவார். அதே அடுப்பின் தணலுக்குள் செங்கல் துண்டுகள் நாலைந்து புதைந்து கிடக்கும். நீர் கொதித்ததும் பானையை இறக்கித் தரையில் பிரிமணையின்மேல் அசையாமல் இருத்துவார். அதன் எதிரே ஒரு மணைப்பலகையில் நான். என்னையும் பானையையும் சேர்த்து ஒரு கம்பளி மூடியிருக்கும். பிறகு கம்பளியின் ஓரத்தைத் தூக்கி, கனிந்து சிவந்த செங்கல் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்துப் பானைக்குள் விடுவார். 'சுர்' என்று ஓர் ஓசை. மறுகணம் வெப்பம் அலைபோல வந்து முகத்தில் அறையும். "மூச்சு முட்டுனா சொல்லு சாமி" என்று வெளியிலிருந்து குரல் வரும். அந்த அலை அடங்கி உடம்பு பழகிய பிறகுதான் அடுத்த துண்டு விழும்.

இதுதான் வேது பிடித்தல். சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களில் வேதுவும் ஒன்று. சரக சம்ஹிதை வியர்க்கச் செய்யும் முறைகள் பதின்மூன்றைக் கூறுகிறது. அவற்றுள் கும்பி என்ற முறையில், கட்டிலுக்கு அடியில் புதைத்த கஷாயப் பானைக்குள் பழுக்கக் காய்ச்சிய கற்களையோ இரும்புக் குண்டுகளையோ போடுவார்கள். எங்கள் ஆயா இந்நூலைப் படித்தவர் அல்லர். ஆனால் செய்தது ஏறக்குறைய அதையேதான்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க வந்த பிறகு எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பானை நீர் முன்பே கொதிநிலையை ஒட்டித்தான் இருந்தது. செங்கல் விழுந்தாலும் அந்த நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. (எங்கள் பகுதி கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் இங்கு நீர் 100° செ. வரை போவதுகூட இல்லை. ஏறத்தாழ 98½ பாகையிலேயே கொதித்துவிடும்.) கம்பளிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையும் ஒரு நொடியில் பெரிதாக உயர்ந்துவிட வழியில்லை. அப்படியானால் முகத்தில் அறைந்தது எது?

இதே கேள்விக்கு விடை தேடப் பின்லாந்து வரை போய்வருவது பயனுள்ளது. ஏனெனில் சூடான கல்லில் நீர் ஊற்றி மகிழ்வதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அந்நாட்டு மக்கள்.

ஆவியும் ஆவியும்

பின்லாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 55 லட்சம். அங்கே 'சவுனா' எனப்படும் வெப்ப அறைகளோ 30 லட்சத்துக்கும் மேல். மரப்பலகைகளால் ஆன சிறு அறை. மூலையில் ஓர் அடுப்பு. அடுப்பின்மேல் குவித்த கற்கள். சுவரோரம் படிப்படியாக அமைந்த மரப்பலகை இருக்கைகள். அறையின் மேற்பகுதியில் காற்று 80, 90 பாகை வரை சூடேறியிருக்கும். அதில் அமர்ந்திருப்பவர்கள் அவ்வப்போது ஓர் அகப்பை நீரைக் கற்களின்மேல் ஊற்றுகிறார்கள். அப்போது எழும் ஆவிக்கு 'லொய்லு' என்று பெயர். அச்சொல்லின் பழம்பொருள் உயிர் என்பதாகும். நம் மொழியிலும் 'ஆவி' என்றால் நீராவியும் உண்டு, உயிரும் உண்டு! தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது வியப்புக்குரியதே. பின்லாந்தின் சவுனா வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

ஜெர்மனியில் இது ஒரு நிகழ்ச்சியாகவே நடைபெறுகிறது. 'அவுஃப்குஸ்' என்பார்கள்; மேலே ஊற்றுதல் என்று பொருள். அதை நடத்துபவர் முதலில் கதவைத் திறந்து புதுக்காற்றை உள்ளே விடுகிறார். கதவை மூடிய பிறகு மணப்பொருள் கலந்த நீரைக் கற்களின்மேல் சிறிது சிறிதாக ஊற்றுகிறார். உடனே ஒரு துண்டைச் சுழற்றி, மேலே திரண்ட சூட்டை அமர்ந்திருப்பவர்கள்பால் வீசுகிறார். பெரும்பாலும் மூன்று சுற்றுகள்; எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். வந்திருப்போர் முன்னதாகக் குளித்து உடலைத் துடைத்துக்கொண்டு வந்து, தத்தம் துண்டின்மேல் அமர்கிறார்கள். தாங்க முடியாதவர் கீழ்ப்படிக்கு இறங்கலாம். எழுந்து வெளியே போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல், நீர், மணம், பக்குவமறிந்து நடத்தும் ஒருவர். இவ்வளவும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் இருந்தன!

ஒரு செங்கல் துண்டின் கணக்கு

அரைக் கிலோ செங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தணலில் மங்கிய சிவப்பாகக் கனிந்தபோது அதன் வெப்பநிலை சுமார் 500° செ. செங்கல்லின் தன்வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 0.2 கலோரி. அது 100 பாகைக்குக் குளிரும்போது 500 × 0.2 × 400, அதாவது 40,000 கலோரி வெப்பத்தை வெளிவிடும். கொதிநிலையில் உள்ள 1 கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி தேவை. எனவே அந்தத் துண்டு ஏறத்தாழ 74 கிராம் நீரை ஆவியாக்கும். 74 கிராம் நீர் என்பது ஒரு சிறு தேநீர்க் குவளை அளவே. ஆனால் அது ஆவியானால் 120 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும்! ஒரு சிறுவனைச் சுற்றிக் கம்பளிக்குள் இருக்கும் இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். நடைமுறையில் சிறிது ஆவி வெளியேறிவிடும். சிறிது வெப்பம் நீரிலேயே தங்கிவிடும். இருந்தாலும் ஆயா ஒரு முறைக்கு ஒரு துண்டுக்குமேல் போடாததன் நியாயம் இந்தக் கணக்கில் தெரிகிறது.

இந்த ஆவி 37 பாகையில் உள்ள நம் தோலைத் தொட்டவுடன் மீண்டும் நீராகிறது. நீராகும்போது, ஆவியாவதற்காக வாங்கிய 540 கலோரியையும் அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த நீர் தோலின் வெப்பநிலைக்குக் குளிர்வதில் இன்னும் 63 கலோரி. ஆக மொத்தம் 603. அதே 1 கிராம் கொதிநீராக மட்டும் தோலில் பட்டிருந்தால் 63 கலோரிதான். ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு! முகத்தில் அறைந்தது சூடான காற்று அன்று. தோலின்மேல் நீராக மாறிய ஆவி தன்னுள் உறைந்திருந்த வெப்பத்தை அங்கே இறக்கி வைத்ததுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பளியைத் தூக்கும்போது குபுகுபுவென்று வெளிவரும் வெண்புகையை ஆவி என்கிறோம். உண்மையில் அது ஆவி அன்று. குளிர்ந்து மீண்டும் நீரான நுண்துளிகளின் கூட்டம். ஆவி கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சூடு மிகுந்த சவுனா அறையில் நீரை ஊற்றியதும் புகை எதுவும் காணோமே என்று நினைக்கும்போதே முதுகு சுரீர் என்கிறது.

வியர்வையா, ஆவியா?

வெப்ப அறையில் உட்கார்ந்தவரின் உடலிலிருந்து நீர் வழிந்தோடுவதைப் பார்த்து, "எவ்வளவு வியர்வை! உடம்பிலுள்ள கெட்ட நீரெல்லாம் வெளியேறுகிறது" என்பவர்கள் உண்டு. இந்த ஐயத்தை 1774-ஆம் ஆண்டிலேயே ஒருவர் அழகாகத் தீர்த்துவைத்தார். அவர் லண்டனில் இருந்த ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர். சூடேற்றிய அறையின் தரையில் கொதிநீரை ஊற்றி ஆவி நிரப்பிக்கொண்டு அதற்குள் சென்று நின்றார். உடலெங்கும் நீர் தாரையாக ஓடியது. இது வியர்வைதானா? ஒரு கண்ணாடிக் குடுவையில் உடல் வெப்பநிலையுள்ள நீரை நிரப்பி, வெளிப்புறத்தை நன்கு துடைத்து அதே அறையில் வைத்தார். குடுவையின் மேலும் நீர் தாரை தாரையாக வழிந்தது. குடுவைக்கு வியர்க்காது அல்லவா? வழிந்ததில் பெரும்பகுதி அறையின் ஆவியே என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் எப்போது வியர்வை உலரும், எப்போது ஆவி நம்மேல் படியும்? இதைத் தீர்மானிப்பது காற்றின் பனிநிலை. காற்றிலுள்ள ஆவி எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ அதுவே அதன் பனிநிலை. தோல் பனிநிலையைவிடச் சூடாக இருந்தால் வியர்வை உலரும், உடல் குளிரும். தோல் அதைவிடக் குளிர்ந்திருந்தால் ஆவி படியும், உடல் சூடேறும்.

80 பாகையில் உள்ள ஒரு சவுனாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஈரப்பதம் 10 விழுக்காடு என்க. அவ்வெப்பநிலையில் தெவிட்டிய ஆவியின் அழுத்தம் 355 மி.மீ. பாதரசம். அதில் பத்தில் ஒரு பங்கு 35½ மி.மீ. இதற்குரிய பனிநிலை ஏறத்தாழ 32° செ. தோல் அதைவிடச் சூடாக இருப்பதால் வியர்வை விறுவிறுவென உலர்கிறது. எண்பது பாகையிலும் மனிதன் வேகாமல் உட்கார்ந்திருப்பதன் இரகசியம் இதுவே. இப்போது ஓர் அகப்பை நீரை, சுமார் 300 கிராம், கல்லின்மேல் ஊற்றுகிறோம். அறையின் கொள்ளளவு 10 கன மீட்டர் என்றால் ஈரப்பதம் 20 விழுக்காடாகிவிடும். பனிநிலை 45 பாகைக்குத் தாவும். தோலோ 40 பாகைக்குக் கீழே. வெப்பமானி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு நொடிக்கு முன்புவரை நம்மைக் குளிர்வித்த தோல், இப்போது ஃபோர்டைஸின் குடுவையாகிவிட்டது! ஓர் அகப்பை நீர் செய்யும் வேலை இது.

வெளியுலகில் இந்த நிலை மிக அரிது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பனிநிலை 35 பாகையைத் தொட்டது. உலகில் பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. தருமபுரியின் 40 பாகை வெயிலைவிடச் சென்னையின் 36 பாகை புழுக்கம் நம்மை அதிகம் வாட்டுவதும் இதே கணக்கினால்தான்.

துண்டு வீசுவது எதற்கு?

ஃபோர்டைஸின் அறைகளில் வேறு சிலரும் ஆராய்ந்தனர். சார்லஸ் பிளாக்டன் என்பவர் அவற்றை எழுதி 1775-இல் வெளியிட்டார். கேப்டன் குக்குடன் கடற்பயணம் செய்த தாவர அறிஞர் ஜோசஃப் பேங்க்ஸும் அக்குழுவில் ஒருவர். உலர்ந்த அறையை 127° செ. வரை சூடேற்றி உள்ளே சென்று சில நிமிடங்கள் இருந்தார்கள்! தங்களுடன் முட்டைகளையும் மாட்டிறைச்சித் துண்டுகளையும் கொண்டுபோனார்கள். முட்டை 20 நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிட்டது. மனிதர்கள் நலமாக வெளியே வந்தார்கள். வியர்வையின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. ஓர் இறைச்சித் துண்டு 33 நிமிடத்தில் வெந்தது. இன்னொன்றின்மேல் துருத்தியால் அறையின் காற்றையே ஊதினார்கள். அது 13 நிமிடத்தில் வெந்தது. எந்தப் பொருளையும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அப்படலம் ஒரு போர்வை. துருத்தி அப்போர்வையைக் கலைக்கிறது. துண்டு வீசுபவர் செய்வதும் அதுவே. அவர் புதிதாக வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை. கூரையடியில் திரண்டிருந்த சூட்டையும் ஆவியையும் கீழிறக்கி, தோலின் காற்றுப் போர்வையையும் நீக்குகிறார். சித்திரை வெயிலில் மின்விசிறி அனலாக வீசுகிறது என்று நாம் சலித்துக்கொள்வதும் பொய்யன்று. காற்று தோலைவிடச் சூடாகி, வியர்வையும் இல்லாதபோது விசிறி உண்மையிலேயே நம்மைச் சூடேற்றுகிறது.

நொச்சி மணம்

நொச்சியின் மணத்துக்குக் காரணம் இலையிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள். நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் 176 பாகையில்தான் கொதிக்கும். ஆனாலும் தழையிட்ட நீர் 100 பாகையை எட்டும் முன்பே அது ஆவியுடன் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டின் ஆவியழுத்தங்களும் கூடி வளியழுத்தத்தை எட்டினால் போதும். தனித்தனியே எட்ட வேண்டியதில்லை. உதகை மலைகளில் தைலம் வடிப்போர் கையாளும் முறையும் இதுவேயாகும். தைலத்தை நேரே சூடான கல்லில் ஊற்றிவிடக் கூடாது, எளிதில் தீப்பற்றும். சவுனா நடத்துவோர் அதை நீரில் சில துளிகள் கலந்தோ பனிக்கட்டித் தூளில் கலந்தோதான் கல்லின்மேல் இடுவார்கள்.

எந்தக் கல்?

இது கைகண்டவர்களின் துறை. ஆற்றுக் கூழாங்கல்லைத் தணலில் போட்டால் சில சமயம் வெடித்துச் சிதறும். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி வழி தேடுவதே காரணம். குவார்ட்சு மிகுந்த கல்லும் ஆகாது. குவார்ட்சு 573 பாகையில் சட்டென்று விரியும். கல்லில் கீறல் விழும். பின்லாந்தில் ஆலிவின் கலந்த, கனமான கருங்கல் வகைகளை விரும்புகிறார்கள். ஆலிவின் மிகுந்த டியூனைட் பாறை நமக்கும் அருகிலேயே, சேலத்து வெள்ளைக்கல் மலைகளில், மாக்னசைட்டுடன் சேர்ந்து கிடக்கிறது. சூட்டைத் தாங்கும் பொருள்கள் செய்ய அது பயன்படுகிறது. செங்கல்லின் சிறப்பு வேறு. அதன் சொரசொரப்பான, துளைகள் நிறைந்த உடலில் நீர் பரவிப் பற்றிக்கொள்ளும். வழவழப்பான தோசைக்கல் மிகவும் காய்ந்திருக்கும்போது நீர் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாகாமல் குண்டுமணிபோல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் இடையே ஆவிப்படலம் ஒன்று மெத்தையாக அமைந்துவிடுகிறது. 1756-இல் லைடன்ஃப்ராஸ்ட் என்பவர் இதை ஆராய்ந்து எழுதினார். சொரசொரப்பான செங்கல்லில் இந்த மெத்தை எளிதில் நிலைக்காது.

பானை கவிழ்ந்தால்

2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது தமிழ்நாடெங்கும் ஆவி பிடிக்கும் பழக்கம் திடீரெனப் பரவியது. பொது இடங்களிலும் ஆவிக் குழாய்கள் வைத்தார்கள். பொது இடங்களில் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். ஆவி அந்தக் கிருமியை அழிப்பதில்லை. கிருமியைக் கொல்லும் அளவு சூடு நம் மூச்சுக்குழாயையும் விட்டுவைக்காது.

அந்த நாட்களில் எங்கள் உறவுக்காரக் குழந்தை ஒன்றுக்கு ஐந்து வயது. மேசைமேல் வைத்த எவர்சில்வர் பாத்திரம், தலைமேல் துண்டு. அடக்கமாட்டாமல் அசைந்த குழந்தையின் முழங்கை பாத்திர விளிம்பில் பட்டது. தொடையில் ஏற்பட்ட புண் ஆற ஒன்றரை மாதமாயிற்று. தழும்பு இன்றும் இருக்கிறது. ஆவி பிடிக்கும்போது பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்து வருவதைப் பல நாட்டு மருத்துவர்களும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

கொதிநீரைவிட ஆவி பத்து மடங்கு வெப்பம் தரும் என்றேனே, பிறகு நீர் எப்படி இவ்வளவு கொடுமை செய்தது? கிராமுக்குக் கிராம் பார்த்தால் ஆவியே கொடியது. ஆனால் திறந்த பானையிலிருந்து அது காற்றில் கலந்து, சிறிது சிறிதாக, உடலெங்கும் பரவி வந்து சேர்கிறது. (குக்கரின் ஆவி ஒரே இடத்தில் பீறிட்டு வருவதால் அப்படியன்று, குக்கர் குழாயில் ஆவி பிடிப்பது அறவே கூடாது.) 95 பாகை நீர் ஒரு லிட்டர் மடியில் கொட்டினாலோ, 58,000 கலோரி ஒரே இடத்தில் ஒரே கணத்தில் வந்து இறங்குகிறது. 60 பாகை நீர்கூடச் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஆயாவின் ஏற்பாட்டை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பானை தரையில், பிரிமணைக்குள்; இடித்தாலும் எளிதில் சாயாது. சூடு ஒரேயடியாக அன்றித் துண்டு துண்டாக, வெளியிலிருந்து ஒருவர் கையால் அளந்து வருகிறது. அவர் எங்கும் எழுந்து போகமாட்டார். இருந்தாலும் சிறு குழந்தைகளைக் கொதிநீரின் அருகே உட்கார வைப்பதை நான் இன்று ஏற்கமாட்டேன். குழந்தைகளுக்கான ஆவியில் கற்பூரம் சேர்ப்பதும் தவறு; அது வலிப்பை உண்டாக்கக்கூடிய பொருள். தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்ட வேண்டும். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதையும் தடவாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அளந்து ஊற்றும் கை இல்லாவிட்டால் பெரியவர்களுக்கும் ஆபத்துதான். பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் சவுனாவில் யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டி நடத்தி வந்தார்கள். அறை 110 பாகை. அரை நிமிடத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் நீர். 2010 ஆகஸ்டில் இறுதிச் சுற்றில் இருவர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். அத்துடன் போட்டி நின்றது.

வேது பிடிப்பதால் சளி விரைவில் தீர்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூக்கடைப்பு சற்று இளகுவதும் உடல் இதமாவதும் அனுபவ உண்மை. கிழக்குப் பின்லாந்தில் நடுவயதினர் 2,315 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. வாரத்தில் பல முறை சவுனா செல்பவர்களிடையே இதய நோய் இறப்புகள் குறைவாக இருந்தன. ஆயினும் நலமாக இருப்பவர்தானே அடிக்கடி சவுனா செல்ல முடியும்? எது காரணம், எது விளைவு என்று அதைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. இதய நோயாளிகளும் கருவுற்றோரும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் இறங்கக் கூடாது.

கடைசித் துண்டும் விழுந்து அடங்கியதும் ஆயா கம்பளியை ஒரேயடியாக எடுத்துவிடமாட்டார். உள்ளே கைவிட்டு உலர்ந்த துணியால் முதுகைத் துடைத்த பிறகே எடுப்பார். நனைந்த தோல்மேல் காற்றுப் பட்டால், உலரும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரியை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். வாங்கிய வெப்பமெல்லாம் அதே வழியில் திரும்பிப் போய்விடும். பின்லாந்துக்காரர் அதைத்தான் விரும்பி, நேரே ஏரியில் போய்க் குதிக்கிறார். எனக்குச் சுடுசோறும் மிளகு ரசமும் காத்திருக்கும்.